பெயர் உதிர்ந்த புனிதர்: கோபுர்க் நகர இலச்சினையின் கதை

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தின் வடகோடியில், துரிங்கியாவின் எல்லையை ஒட்டி, இட்ஸ் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது கோபுர்க். மக்கள்தொகை 40,000-ஐச் சற்றே தாண்டும். இவ்வளவு சிறிய ஊருக்கு உலக வரலாற்றில் கிடைத்திருக்கும் இடம் சற்று அதிகம்தான். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் 1819இல் பிறந்தது இவ்வூருக்கு அருகிலுள்ள ரோசனாவ் மாளிகையில். பிரிட்டிஷ் அரச குடும்பம் 1917இல் 'வின்ட்ஸர்' என்று பெயர் மாற்றிக்கொள்ளும்வரை தாங்கியிருந்த குலப்பெயரிலும் இந்த ஊர் இருந்தது. ஆனால் நான் எழுத வந்தது அரச குடும்பங்களைப் பற்றியல்ல. இந்நகரின் இலச்சினையைப் பற்றி.

பொன்னிறக் கேடயம். அதன் நடுவே பக்கவாட்டில் திரும்பிய ஒரு கறுப்பின மனிதரின் தலை. சுருள் முடி, பருத்த உதடுகள், காதில் பொன் வளையம். அவ்வளவுதான். வேறு சிங்கமோ கழுகோ கோட்டை வாயிலோ கிடையாது. நகராட்சியின் கடிதத் தாளில் தொடங்கி, தெருவில் கால்படும் பாதாளச் சாக்கடை மூடிகள் வரை இந்த முகம் இருக்கிறது. ஃபிராங்கோனியப் பகுதியின் ஒரு சிற்றூர், ஆப்பிரிக்கரின் முகத்தைத் தன் கையொப்பமாக எப்படிக் கொண்டது? 1934இல் அதை ஏன் தூக்கி எறிந்தார்கள்? 1945இல் திரும்பி வந்த அதே முகத்தை 2020இல் சிலர் மீண்டும் நீக்கச் சொன்னது ஏன்? இம்மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று பக்கங்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஐரோப்பிய மரபுச் சின்னங்களில் கறுப்பினத் தலை அபூர்வமானதல்ல. கோர்சிகா, சார்டினியா தீவுகளின் கொடிகளில் அது உண்டு. சார்டினியாவின் நான்கு தலைகள் அரகோன் அரசின் இலச்சினையிலிருந்து வந்தவை. மூர்களை வென்றதன் நினைவு என்பது அவற்றைப் பற்றிய மரபுக் கதை. அதாவது அவை எதிரியின் தலைகள், வெற்றிச் சின்னங்கள். கோர்சிகாவின் தலைக்கு முன்பு கண்கட்டு இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் தீவின் விடுதலைக்குப் போராடிய பாஸ்குவாலே பாவ்லி அதை நெற்றிக்கு உயர்த்தி, அடிமையின் தலையைச் சுதந்திர மனிதனின் தலையாக்கினார் என்பார்கள். பவேரியாவிலேயே ஃபிரைசிங் மறைமாவட்டத்திற்கு முடிசூடிய கறுப்புத் தலை ஒன்று இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து காணப்படும் சின்னம் அது. போப் பதினாறாம் பெனடிக்ட் 2005இல் பதவியேற்றபோது தம் இலச்சினையில் அதைச் சேர்த்துக்கொண்டார். அது யாருடைய தலை என்பதில் அறிஞர்களுக்குள் உடன்பாடில்லை.

கோபுர்கின் தலை இவற்றில் எந்த வகையும் அல்ல. அது வெட்டப்பட்ட எதிரியின் தலையல்ல; ஊரின் காவலருடையது. யாருடையது என்பதிலும் ஐயமில்லை. அவர் புனித மொரீஷியஸ்.

மொரீஷியஸின் கதையை நமக்கு விட்டுச் சென்றவர் 5ஆம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயராக இருந்த யூகேரியஸ். கதை நடப்பது அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு, பேரரசர் மாக்ஸிமியனின் காலத்தில். எகிப்தின் தீப்ஸ் பகுதியில் திரட்டப்பட்ட ஒரு படையணி ஆல்ப்ஸ் மலைக்கு வருகிறது. 6,600 வீரர்கள், அனைவரும் கிறித்தவர்கள். சக கிறித்தவர்களை வேட்டையாடும்படி ஆணை பிறக்கிறது. அவர்கள் மறுக்கிறார்கள். பத்துப் பேருக்கு ஒருவர் என்று கொல்லப்படுகிறார்கள். மறுபடியும் ஆணை, மறுபடியும் மறுப்பு, மறுபடியும் பத்தில் ஒருவர். கடைசியில் எவரும் எஞ்சவில்லை. ஆயுதமேந்திய ஒரு முழுப் படையணி, எதிர்த்து ஒரு வாளைக்கூட உயர்த்தாமல் ஆணையை மறுத்துச் செத்தது என்பதுதான் இக்கதையின் உயிர். படையின் தலைவர் மொரீஷியஸ். இடம் ரோன் நதிப் பள்ளத்தாக்கில், இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள அகாவ்னம். அந்த ஊருக்கே இன்று புனித மொரீஷியஸின் பெயர்தான். பர்கண்டிய அரசர் சிகிஸ்மண்ட் 515இல் அங்கே நிறுவிய மடம் இன்றும் இயங்குகிறது.

இப்படி ஒரு படுகொலை உண்மையில் நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். ஐயத்திற்குப் போதிய காரணங்களும் உண்டு. ஆனால் நமக்கு இங்கே தேவையானது வேறொன்று. யூகேரியஸ் தம் நாயகனின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அடுத்த எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு ஐரோப்பா மொரீஷியஸை வெள்ளை வீரராகவே வரைந்தது, செதுக்கியது. அவர் கறுப்பரானது 13ஆம் நூற்றாண்டின் மத்தியில், ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில்.

மாக்டெபுர்குக்கு மொரீஷியஸுடன் பழைய உறவு. பேரரசர் முதலாம் ஓட்டோ 937இல் அங்கே அவர் பெயரில் ஒரு மடம் நிறுவினார். பின்னர் புனிதரின் எலும்புகளும் வந்து சேர்ந்தன. கிழக்கே ஸ்லாவிய மக்களை நோக்கி விரியும் பேரரசுக்கு ஒரு படைவீரப் புனிதர் தேவைப்பட்டார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பின்னாளில் ஆணைக்குப் பணிய மறுத்தவரையே பேரரசின் காவலராக்கியிருக்கிறார்கள் என்பதிலுள்ள முரண் யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. 1207இல் பழைய பேராலயம் தீக்கிரையானது. புதிதாக எழுந்த பேராலயத்தில் 1240-50 வாக்கில் மணற்கல்லில் ஒரு சிலை வைக்கப்பட்டது. சங்கிலிக் கவசத் தலைமறைப்பு முகத்தை இறுகச் சூழ்ந்திருக்கிறது. அந்த வளையத்துக்குள்ளிருந்து ஒரு கறுப்பு முகம் நம்மைப் பார்க்கிறது. அகன்ற மூக்கு, அழுத்தமான கன்ன எலும்பு, சற்றே களைத்த கண்கள். காலத்தால் சிதைந்திருந்தாலும் முகம் சிதையவில்லை. மத்திய கால ஐரோப்பியக் கலையில் ஆப்பிரிக்க மனிதரை இத்தனை உண்மையாக வடித்த முதல் படைப்புகளில் ஒன்று என்று கலை வரலாற்றாசிரியர்கள் இதைக் கருதுகிறார்கள். சிற்பி எங்கோ ஓர் ஆப்பிரிக்கரை நேரில் கண்டு, நின்று, கவனித்திருக்க வேண்டும் என்றே இதன் புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஏன் திடீரென்று இந்த நிறமாற்றம்? எளிய விளக்கம் சொல் விளையாட்டு. மொரீஷியஸ் என்ற பெயருக்குள் 'மௌருஸ்' என்ற லத்தீன் சொல் இருக்கிறது. வடமேற்கு ஆப்பிரிக்காவின் மௌரெட்டானியாவைச் சேர்ந்தவன் என்று பொருள். இன்னொரு விளக்கம் அரசியல் சார்ந்தது. அன்றைய பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக், சிசிலியில் வளர்ந்தவர். தெற்கு இத்தாலியின் லுசேராவில் முஸ்லிம்களைக் குடியேற்றி வைத்திருந்தவர். அவருடைய அவையில் யோஹன்னஸ் மௌருஸ் என்ற கறுப்பர், பணியாளர் நிலையிலிருந்து உயர்ந்து அரண்மனையின் முக்கிய அதிகாரியானார். எல்லா இனத்தவரும் என் ஆட்சியின்கீழ் என்று காட்ட விரும்பிய ஒரு பேரரசின் கலையில், கறுப்பு நிறப் புனிதர் பொருத்தமாகவே அமைந்திருப்பார். இவற்றில் எது முதன்மைக் காரணம் என்பது முடிவாகாத விவாதம். முடிவான ஒன்று உண்டு. இந்தக் கறுப்பு மொரீஷியஸ் ஜெர்மன் மொழி பேசும் நிலங்களில், குறிப்பாக எல்பே நதியின் சுற்றுப்புறத்தில் பரவினார். 1520களின் தொடக்கத்தில் மத்தியாஸ் குரூனவால்ட் தீட்டிய ஓவியத்தில், இன்று மியூனிக்கில் இருக்கிறது, வெள்ளிக் கவசமணிந்த கறுப்பு மொரீஷியஸும் ஆயர் உடையில் புனித எராஸ்மஸும் சமமாக நின்று உரையாடுகிறார்கள். அதில் ஒருவர் கறுப்பர் என்பது ஓவியருக்கு ஒரு செய்தியே அல்ல. இரண்டு புனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவே.

இங்கே சொல்லைப் பற்றிச் சற்று நிற்க வேண்டும். 'மௌருஸ்' ஜெர்மனில் 'மோர்' ஆயிற்று. (நம் வீட்டு மோருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) போர்த்துகீசியத்தில் அதுவே 'மோரோ'. போர்த்துகீசியர் இலங்கைக்கு வந்தபோது அங்கே கண்ட முஸ்லிம்களுக்கும், அவர்கள் தமிழ் பேசுவோராயிருந்தும், அதே பெயரைச் சூட்டினார்கள். இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கில் அச்சமூகத்தின் ஆங்கிலப் பெயர் இன்றும் மூர் என்பதே. நாம் அவர்களைச் சோனகர் என்கிறோம். யவனரிலிருந்து வந்த சொல், கிரேக்கரைக் குறிக்கப் பிறந்தது. வெளியிலிருந்து ஒட்டப்படும் பெயர்களின் இயல்பு இது. மௌரெட்டானியர், அரேபியர், எத்தியோப்பியர், இலங்கை வணிகர் எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். பெயர் யாரையும் சுட்டாது. நிறத்தையோ மதத்தையோ அந்நியத்தையோ மட்டும் சுட்டும்.

மொரீஷியஸ் என்ற பெயர் போன வழி வேறு. அது ஜெர்மனில் 'மோரிட்ஸ்' ஆகி, அரச குடும்பங்களில் ஆண் பிள்ளைகளுக்கு விருப்பத்துடன் சூட்டப்பட்டது. சாக்ஸனியை ஆண்ட வெட்டின் குலத்தில் ஒரு மோரிட்ஸ் இருந்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் நெதர்லாந்தின் இளவரசர் மௌரிட்ஸ். 1598இல் இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவை அடைந்த டச்சு மாலுமிகள் அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மொரீஷியஸ் தீவின் பெயர், இத்தனை கை மாறி, அந்தத் தீப்ஸ் படைத்தலைவரிடமிருந்துதான் வந்து சேர்ந்திருக்கிறது.

கோபுர்கையும் ஆண்டது அதே வெட்டின் குலம்தான். ஹென்னெபெர்க் குடும்பத்திடமிருந்து திருமண உறவு வழியாக 1353இல் அவர்களிடம் வந்தது இந்த நிலம். நகரின் தலைமைத் தேவாலயம் மோரிட்ஸ் தேவாலயம். உயரத்தில் ஒத்துப்போகாத இரண்டு கோபுரங்களுடன் இன்றும் ஊரின் அடையாளமாக நிற்கிறது. நகரின் காவல் புனிதரே அதன் சின்னமாகவும் ஆனார். பொன்மேல் கறுப்பு என்ற வண்ணச் சேர்க்கை, ஆண்ட குலத்தின் மைஸன் சிங்கத்திலும் உண்டு. எழுத்தறியாதவர் பெரும்பான்மையாக இருந்த காலத்தில் இலச்சினையைக் கண்டவருக்கு அது ஒரு பெயரைச் சொன்னது. இது மோரிட்ஸின் ஊர் என்றது.

பிறகு லூதர் வந்தார். இதை உருவகமாக மட்டும் சொல்லவில்லை. 1530இல் ஆக்ஸ்புர்கில் பேரரசின் சபை கூடியபோது, பேரரசின் தண்டனைக்குள்ளாகியிருந்த மார்ட்டின் லூதரால் அங்கே போக முடியவில்லை. அவரைக் காத்த சாக்ஸனி ஆட்சியாளரின் நிலப்பரப்பு கோபுர்குடன் முடிகிறது. எனவே ஊருக்கு மேலே குன்றின் மீதுள்ள கோட்டையில், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஏறத்தாழ அரையாண்டு தங்கினார். ஈஸ்டர் நாட்களில் மோரிட்ஸ் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். அந்தக் கோடையில், ஜூலை 8 அன்று, நியூரம்பெர்கின் லாசரஸ் ஸ்பெங்லருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று புகழ்பெற்றது. அதில் அவர் விளக்குவது தம்முடைய சொந்த முத்திரையை. சிவந்த இதயத்தினுள் கறுப்புச் சிலுவை, அதைச் சுற்றி வெண்ரோஜா, வானின் நீலம், பொன் வளையம். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு பொருள். ஒன்றும் ஊகத்திற்கு விடப்படவில்லை. தன் இலச்சினைக்கு உரையையும் தானே எழுதி வைத்துவிட்டுப் போகும் பேறு லூதருக்கு வாய்த்தது. கீழே ஊரின் சின்னத்துக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்கு உரையாக இருந்தது புனிதர் வழிபாடு. லூதரின் சீர்திருத்தம் அந்த வழிபாட்டைத்தான் நிறுத்தியது.

என் பார்வையில் இந்தக் கதையின் உண்மையான திருப்பம் இதுவே, 1934 அல்ல. சீர்திருத்தத் திருச்சபையின் நகரமாகிவிட்ட கோபுர்க், புனிதரிடம் மன்றாடுவதை விட்டது. தேவாலயத்தின் பெயரையும் இலச்சினையையும் விடவில்லை. படம் நின்றது, கதை மெல்ல உதிர்ந்தது. கவசம் இல்லாத, ஒளிவட்டம் இல்லாத, கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு தலை. அதைப் பார்த்து 'மோரிட்ஸ்' என்று சொல்ல அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். 'மோர்' என்று சொல்ல எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊரார் நாவில் நிலைத்த பெயர் இரண்டாவதுதான்: 'கோபுர்கின் மோர்'.

இந்த இடைக்காலத்தில் வெளியுலகமும் மாறிவிட்டிருந்தது. 1680களில் பிராண்டன்புர்க் அரசு இன்றைய கானாவின் கடற்கரையில் கோட்டை கட்டி அடிமை வணிகத்தில் இறங்கியது. ஜெர்மன் அரண்மனைகளில் கறுப்பினச் சிறுவர்களை 'அரண்மனை மோர்' என்று வைத்துக்கொள்வது பெருமையாயிற்று. தட்டேந்தி நிற்கும், காதில் வளையமணிந்த சிறுவர்கள் அக்கால ஓவியங்களின் ஓரங்களில் நிற்கிறார்கள். அப்படி வோல்ஃபன்பியூட்டல் அவைக்குக் குழந்தையாகக் கொண்டுவரப்பட்டவர்களில் ஒருவர் அன்டோன் வில்ஹெல்ம் அமோ. அவர் படித்து, ஹாலே, யேனா பல்கலைக்கழகங்களில் தத்துவம் கற்பித்தார். விதிவிலக்கு அவர். விதியின் பெயர் 'மோர்'. 'மோரின் தலை' என்பது பின்னாளில் சாக்லேட் பூசிய ஒரு தின்பண்டத்தின் பெயராகவும் ஆயிற்று. குரூனவால்டின் ஓவியத்திலிருந்து மிட்டாய்க் கடைக்கு வந்து சேர்ந்த வழியை நினைத்தால், படைவீரர் மொரீஷியஸ் இரண்டாம் முறையாகக் கொல்லப்பட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி 20ஆம் நூற்றாண்டு. 1918இல் கோபுர்கின் கடைசி டியூக் கார்ல் எடுவார்ட், விக்டோரியாவின் பேரன், பதவி இழந்தார். 1919 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் துரிங்கியாவுடன் சேர மறுத்தார்கள். 1920 ஜூலை 1 அன்று கோபுர்க் பவேரியாவில் இணைந்தது. தேவாலயச் சுவரில் மோரிட்ஸ், கேடயத்தில் மோர் என்று ஊர் அமைதியாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1922 அக்டோபரில் நடந்த 'ஜெர்மன் தினம்' என்ற கூட்டத்திற்கு மியூனிக்கிலிருந்து ஹிட்லர் அழைக்கப்பட்டார். தனி ரயிலில், ஏறத்தாழ 650 அடியாட்களுடன் வந்திறங்கினார். தெருச் சண்டைகளில் இடதுசாரித் தொழிலாளர்களை அடித்து ஒடுக்கினார்கள். சிறிய சம்பவம்தான், ஆனால் கட்சி அதை ஒரு காவியமாக வளர்த்துக்கொண்டது. முன்னாள் டியூக்கும் அவர்கள் பக்கம் சாய்ந்தார்.

1929 ஜூனில் நகர்மன்றத்தின் 25 இடங்களில் 13ஐ நாஜிக் கட்சி பிடித்தது. ஜெர்மனியில் அக்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்த முதல் நகரம் கோபுர்க். 1931 ஜனவரியில் நகர்மன்றக் கட்டடத்தில் ஸ்வஸ்திகா கொடி ஏறியது. அப்போது ஹிட்லர் ஆட்சிக்கு வரவே இல்லை. 1932இல் ஹிட்லருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கப்பட்டது. அதே ஆண்டு, யூத சமூகம் 1873 முதல் தொழுகைக் கூடமாகப் பயன்படுத்திவந்த நிக்கோலஸ் சிற்றாலயத்தின் ஒப்பந்தத்தை நகராட்சி முறித்தது. நாடு முழுவதற்கும் பின்னால் நடக்கவிருந்தவற்றுக்குக் கோபுர்கில் ஒத்திகை பார்த்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. இவை எல்லாவற்றின் முன்னணியில் இருந்த ஃபிரான்ஸ் ஷ்வேடே, நகரத் தலைவராகி, பின்னர் பொமரேனியாவுக்குக் கட்சித் தலைவராக அனுப்பப்பட்டபோது தம் பெயருடன் ஊர்ப்பெயரையும் சேர்த்துக்கொண்டு 'ஷ்வேடே-கோபுர்க்' ஆனார்.

நாஜிகளின் முதல் நகரத்தின் இலச்சினையில் ஓர் ஆப்பிரிக்கரின் முகம்! இந்த நகைமுரணை அவர்களால் நெடுநாள் சகிக்க முடியவில்லை. 1934இல் மோர் நீக்கப்பட்டார். கறுப்பும் பொன்னிறமுமாக நெடுக்கே பிளந்த கேடயம். நடுவில் ஒரு வாள். அதன் பிடிக்குமிழில் ஸ்வஸ்திகா. 1922 கலவரத்தில் ஹிட்லருடன் இருந்தவர்களுக்கென்று 1932இல் உருவாக்கப்பட்ட பதக்கத்திலும் வாளும் ஸ்வஸ்திகாவுமே இருந்தன. அந்த ஒற்றுமை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர் தன் காவலரை நீக்கிவிட்டு, ஒரு தெருச்சண்டையின் நினைவைக் கேடயத்தில் வைத்துக்கொண்டது. ஆணையை மறுத்த படைவீரரின் இடத்தில், ஆணைக்குக் கீழ்ப்படியும் வாள்.

அதை மாற்றியவர்கள் புனிதர் மொரீஷியஸை வெறுத்தவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். தேவாலயம் தன் பெயருடன் அப்படியே நின்றது. அவர்கள் கண்ணில் உறுத்தியது கேடயத்திலிருந்த நிறம். நானூறு ஆண்டுகளாகப் பெயரை இழந்து வந்த ஒரு முகத்தில், எஞ்சியிருந்ததை மட்டுமே அவர்கள் கண்டார்கள்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஊருக்குள் நுழைந்தது. அந்த ஆண்டே வாள் போனது, மோர் திரும்பினார். போரில் தோற்ற எத்தனையோ ஜெர்மன் நகரங்கள் அன்று அவசரமாகத் தம் சின்னங்களிலிருந்து ஸ்வஸ்திகாவைச் சுரண்டி எடுத்தன. கோபுர்கிற்கு மட்டும் அந்த வெற்றிடத்தில் வைக்க, நாஜிகளே வெறுத்து ஒதுக்கிய ஒரு முகம் தயாராக இருந்தது. பிற்காலத்தில் அம்முகம் ஊருக்கு ஒரு நற்சான்றிதழ் போலவும் பயன்பட்டது என்று நினைக்கிறேன். 'மோரைத் துரத்தியவர்கள் அவர்கள், திரும்ப அழைத்தவர்கள் நாம்.' இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் துரத்தியவர்களை வாக்களித்து அமர்த்தியதும் இதே ஊர்தான். அதுவும் நாட்டிலேயே முதலாவதாக.

2020 மே மாதம் மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து உலகெங்கும் சிலைகளும் தெருப்பெயர்களும் கேள்விக்குள்ளாயின. கோபுர்கின் இலச்சினையை நீக்கக் கோரி இணையத்தில் ஒரு மனு எழுந்தது. அதை எதிர்த்து, மோரைக் காக்கும்படி மற்றொரு மனு. முதல் தரப்பு சொன்னது, இது காலனிய காலக் கேலிச்சித்திரம், பருத்த உதடும் காதுவளையமும் அதற்குச் சான்று என்று. மற்றத் தரப்பு, இது அவமதிப்பல்ல, வணக்கம், இவர் எங்கள் புனிதர், இவரை நீக்கியவர்கள் நாஜிகள் என்றது. இலச்சினை மாறவில்லை. பெர்லினில் 'மோர் தெரு' 2025 ஆகஸ்டில் நீண்ட வழக்குகளுக்குப் பின் அன்டோன் வில்ஹெல்ம் அமோவின் பெயரைப் பெற்றது. கோபுர்கில் மோர் இருக்கிறார்.

இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன, இரண்டுமே பாதி. இலச்சினையின் தோற்றம் வணக்கம் என்பதை மறுப்பது வரலாற்றை மறுப்பது. ஆனால் வணக்கத்துக்குரியவரை யாராவது அவருடைய இனப்பெயரால் அழைப்பார்களா? காக்க வந்த மனுவே 'மோரை'த்தான் காக்கக் கேட்டது, மோரிட்ஸை அல்ல. 'நாஜிகள் இதை வெறுத்தார்கள்' என்ற வாதம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை; அவர்கள் வெறுத்தார்கள் என்பதனாலேயே ஒன்று மாசற்றதாகிவிடாது. மறுபக்கம், கேலிச்சித்திரம் என்பவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு நகரம் தன் ஆவணங்களின் கீழ் இடும் கையொப்பம் அதன் சொந்த முகம். ஐரோப்பாவின் நடுவில் ஒரு வெள்ளைக்கார ஊர் நூற்றாண்டுகளாக ஒரு கறுப்பரைக் காட்டி 'இது நாங்கள்' என்று சொல்லிவந்திருக்கிறது. 1934இன் ஆட்களுக்குத் தாங்க முடியாமல் போனது அந்த 'நாங்கள்'தான். அந்த முகத்தை நீக்கிவிட்டால் அங்கே வரப்போவது ஒரு கோட்டையோ பாலமோ வண்ணப் பட்டையோ. யாரையும் புண்படுத்தாத, யாருடைய முகமும் இல்லாத ஒரு கேடயம்.

என்னைக் கேட்டால் மாக்டெபுர்கின் சிற்பியிடம் திரும்பிப் போகச் சொல்வேன். அவர் வடித்ததும் கறுப்பு முகமே, பருத்த உதடுகளே. ஆனால் அது ஒரு மனிதரின் முகம். போர்க்களத்தையும் கடுங்குளிரையும் கண்டவர், ஓர் ஆணையைப் பெற்று யோசித்துக்கொண்டிருப்பவர் போலிருக்கிறார். அவர் தலையைச் சுற்றியிருக்கும் சங்கிலிக் கவசம்தான் கோபுர்கின் கேடயத்தில் விடுபட்டுப் போனது. காதுவளையத்தைக் கழற்றிவிட்டு அதைத் திரும்ப அணிவிக்க இலச்சினை வரையும் ஒரு நல்ல ஓவியருக்கு ஒரு பகல் போதும். நகரங்கள் தம் சின்னங்களை அவ்வப்போது திருத்தி வரைவது புதிதுமல்ல.

ஊரிலேயே இன்னொரு மோரிட்ஸ் இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். சந்தைச் சதுக்கத்தில் விக்டோரியா மகாராணி 1865இல் நிறுவிய ஆல்பர்டின் சிலைக்கு அருகே நின்று நகர்மன்றக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தால், கூரை முகப்பின் உச்சியில் ஓர் உருவம் தெரியும். கையில் தளபதியின் கோல். அதுவும் புனித மொரீஷியஸ்தான். கோபுர்கின் பெருமைக்குரிய உணவு, பைன் காய்களின் நெருப்பில் வாட்டிய நீண்ட பன்றியிறைச்சித் தொத்திறைச்சி. அது எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கோல்தான் அளவு என்று ஊரில் ஒரு வழக்கு. ஆகவே அவரையும் யாரும் மோரிட்ஸ் என்று அழைப்பதில்லை. 'தொத்திறைச்சிக் குட்டி மனிதர்' என்கிறார்கள், மிகுந்த பிரியத்தோடு. கீழே சதுக்கத்தில் கடைக்காரர் வாட்டித் தரும் தொத்திறைச்சி ரொட்டிக்குள் அடங்காமல் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும்.